இன்னொரு குட்டி என்ன நிறம்?

கேள்வி: ஈராசிரியர் பள்ளியில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை என் பொறுப்பு. மூன்றாம் வகுப்பில் 11 பிள்ளைகள். கரும்பலகையில் எழுதிப் போட்டால் அச்சுப்போலப் பார்த்து எழுதுகிறார்கள். சொல்வதை எழுதுதலில் பத்துக்கு ஏழு, எட்டு வாங்குகிறார்கள். "நீங்களே ஐந்து வரி எழுதுங்கள்" என்றால் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். சென்ற மாதம் ஒரே ஒரு பையன் தன் வீட்டு ஆட்டைப் பற்றித் தானாக எழுதினான். பிழைகளை வட்டமிட்டு, திருத்தி மூன்று முறை எழுதி வரச் சொன்னேன். அன்றிலிருந்து அவனும் எழுதுவதில்லை. திருத்தாமல் விட்டால் வட்டாரக் கல்வி அலுவலர் பார்வையின்போது கேட்கிறார், பெற்றோரும் கேட்கிறார்கள். பேச்சு வழக்கில் எழுதினால் விட்டுவிடலாமா? அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைத்திருக்கிறேன். கடைசியாக ஒன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது: எனக்கே சொந்தமாக எழுத வராது. படித்ததெல்லாம் மனப்பாடம். நான் எப்படிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது?
– ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தைவிட அந்த நகலைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற வாசகர்களுக்காக அதை இங்கே அப்படியே தருகிறேன். பிழைகள் பையனுடையவை, அச்சகத்தின் மேல் பழி போட வேண்டாம்.

"எஙக ஆடு நேத்து குடடி போடுச்சு. ரெண்டு குடடி. ஒன்னு கருபு. அது நிக்க தெரியாம விலுந்துச்சு. ஆயா துனில தொடச்சாங்க."

மொத்தம் 16 சொற்கள். அவற்றில் 13 சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறீர்கள். தப்பித்தவை ஆடு, அது, ஆயா.

இனி அந்த வட்டங்களைப் பிரித்துப் பார்ப்போம். நேத்து, ரெண்டு, ஒன்னு, நிக்க, தெரியாம, தொடச்சாங்க என்ற ஆறும் பிழையே அல்ல. அந்த ஊரில் வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படியே, ஒற்றுப் புள்ளி உட்பட, சரியாக எழுதப்பட்ட பேச்சுத் தமிழ். மிச்சம் ஏழு. 'எஙக', 'குடடி', மறுபடியும் 'குடடி' என்று மூன்றில் புள்ளி இல்லை. 'போடுச்சு', 'கருபு' இரண்டிலும் ஒற்றெழுத்தையே காணோம். 'விலுந்துச்சு', 'துனில' இரண்டிலும் ழகரத்துக்குப் பதில் லகரமும் ணகரத்துக்குப் பதில் னகரமும் வந்துவிட்டன.

பையனுக்குப் புள்ளி தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 'நேத்து', 'நிக்க', 'தொடச்சாங்க' எல்லாவற்றிலும் புள்ளி தலைமேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. 'தொடச்சாங்க'வில் ங் மேல் புள்ளி வைத்தவன்தான் முதல் சொல்லான 'எஙக'வில் விட்டிருக்கிறான். ஆட்டைப் பற்றிச் சொல்லும் அவசரத்தில் விட்டது அது. ஆனால் ட்ட, ப்ப வரும் இடங்களைப் பாருங்கள். குட்டி இரண்டு முறை தவறு, போட்டுச்சு தவறு, கருப்பு தவறு. த்த, ச்ச, க்க எல்லாம் சரி. ஆக, இந்தப் பையனுக்கு இப்போது சொல்லித் தர வேண்டியது ஒரே ஒரு பாடம், அதுவும் பத்து நிமிடப் பாடம். படம் – பட்டம், பாடி – பாட்டி, ஓடு – ஓட்டு என்று நான்கைந்து சோடிகளைக் கைதட்டிச் சொல்லவைத்து, நாக்கு எங்கே ஒரு நொடி நின்று போகிறது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த நொடிக்குத்தான் ஓர் எழுத்து. அதன்பின் குட்டியையும் கருப்பையும் அவனே போய்த் திருத்துவான்.

13 வட்டங்களைக் கண்ட பிள்ளை "எனக்கு எழுத வராது" என்று முடிவு செய்துகொள்ளும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த முடிவுக்கு வர ஒரு சாயங்காலம் போதும்.

ழகரமும் ணகரமும் வேறு கதை. அங்கே காதை நம்பிப் பயனில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் ர, ற இரண்டும் வாயில் ஒன்றுதான். ந, ன பற்றிச் சொல்லவே வேண்டாம். வாழைப்பழம் பாதித் தமிழகத்தில் வாளப்பளம். காதில் வேறுபாடே விழாத ஒன்றை "நன்றாகக் கேட்டு எழுது" என்று சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். இந்த எழுத்துகள் கண் வழியாகத்தான் வரும். 'விழுந்தது' என்ற சொல்லைக் கதைகளில் இருபது தடவை பார்த்தவனுக்கு 'விலுந்தது' என்று எழுதினால் கண் உறுத்தும். உறுத்தும் வரை படிக்கக் கொடுக்க வேண்டும். அரசின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட நுழை, நட, ஓடு, பற வரிசைச் சிறு நூல்கள் உங்கள் பள்ளிக்கும் வந்திருக்கும். அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் இன்றே வெளியே எடுத்துக் கயிற்றில் தொங்கவிடுங்கள். கிழிந்தால் கிழியட்டும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அச்சுப்போலப் பார்த்து எழுதும் பிள்ளைகள் ஏன் சொந்தமாக எழுதுவதில்லை?

தமிழில் நமக்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'அ' என்பதும் எழுத்து, ஒருவர் எழுதும் கதையும் எழுத்து. அதனால் முதலாவதை முடித்துவிட்டால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று நாமும் நம்பிவிட்டோம். 247 எழுத்து, பிறகு சொல், பிறகு வாக்கியம், பிறகு கட்டுரை என்று வரிசை போட்டோம். முந்தையது முடியாமல் பிந்தையது கிடையாது. இப்படிப் பேச்சைச் சொல்லித் தந்திருந்தால் ஊரில் பாதிப் பேர் ஊமையாகத் திரிந்திருப்போம். ட, ப, ம தெரிந்த பிள்ளை படம் வரைந்து அதன் கீழே 'படம்' என்று எழுதும்போதே எழுதுகிறவராகிவிடுகிறது. பார்த்து எழுதுதல் கைக்கான பயிற்சி. அது வேண்டும், நான் எதிரியில்லை. ஆனால் அதில் பிள்ளை எடுக்கும் முடிவு ஒன்றுகூட இல்லை. எதைச் சொல்வது, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது எல்லாவற்றையும் கரும்பலகை முடிவு செய்துவிடுகிறது. மூன்று ஆண்டுகள் அப்படிப் பழகிய பிள்ளையிடம் திடீரென்று "நீயே எழுது" என்றால் அது உங்கள் முகத்தைப் பார்க்காமல் வேறு எங்கே பார்க்கும்? அடுத்த கரும்பலகை அங்கேதானே இருக்கிறது.

ஆட்டுக்காரப் பையன் அந்த வேலியைத் தாண்டியவன். முதல் நாள் ஆடு குட்டி போட்டது. யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குத் தலை வெடித்துவிடும். உங்களிடம் சொன்னான். நீங்கள் குட்டியைப் பார்க்காமல் குடடியைப் பார்த்தீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் செய்தது இதைவிட மோசம். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு 50 பிள்ளைகளுக்கு மேல். நோட்டுகள் மேசையில் கோபுரமாக நிற்கும். மாலை மணி அடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒரு நாள் ஒரு சிறுமி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் மேசை அருகே வந்து நின்றாள். அதில் இரண்டே வரி. பாட்டி செத்துவிட்டார், தான் அழுதேன் என்று எழுதியிருந்தாள். அதன் கீழே பெரிய சரிக்குறி, "நன்று" என்று என் கையெழுத்து. எழுத்துப்பிழை இல்லை, அதனால் நன்று. அவள் எதுவும் கேட்கவில்லை, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அதன் பிறகு இன்றுவரை எந்தப் பிள்ளையின் நோட்டிலும் நான் 'நன்று' என்று எழுதியதில்லை. அந்தச் சொல் எனக்கு ஆகாமல் போயிற்று.

நாளைக் காலை அந்தப் பையனை அழைத்து, "உன் ஆட்டைப் பற்றி எழுதியிருந்தாயே, அதில் ஒரு சந்தேகம். ரெண்டு குட்டி என்கிறாய், ஒன்று கருப்பு என்கிறாய். இன்னொன்று என்ன நிறம்?" என்று கேளுங்கள். உண்மையிலேயே எனக்கு அது தெரிய வேண்டும். நான்கு தடவை படித்துப் பார்த்தேன், அவன் சொல்லவே இல்லை. அவன் வாயால் பதில் சொல்வான். "இதையும் எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே" என்று நோட்டை நீட்டுங்கள். ஒரு வரி சேர்ப்பான். பிள்ளைகளுக்குத் திருத்தி எழுதுதல் என்பது அங்கேதான் தொடங்குகிறது. படிக்கிற ஆளுக்கு எது தெரியவில்லையோ அதைச் சேர்ப்பது. ஒற்றுப்பிழை அதற்குப் பிறகு. அப்போது அவனே அக்கறையாகக் கேட்பான், ஏனென்றால் அவனுக்குத் தன் குட்டி பிழையில்லாமல் நிற்க வேண்டும்.

உங்கள் பதிலை நோட்டிலேயே எழுதினால் இன்னும் நல்லது. அவன் எழுதியதற்குக் கீழே, நீலமோ பச்சையோ எந்த மையானாலும் சரி, இரண்டு வரி: "விழுந்த குட்டிக்கு அடிபட்டதா? எங்கள் வீட்டிலும் ஆடு இருந்தது, அதன் பெயர் ராணி." உங்கள் வரியில் 'குட்டி' என்ற சொல் சரியான எழுத்துடன் இருக்கிறதல்லவா? பார்ப்பான். அடுத்த முறை எழுதும்போது மேலே போய்ப் பார்த்துக்கொள்வான். 11 நோட்டுக்கும் ஒரே நாளில் பதில் எழுத வேண்டியதில்லை. நாளுக்கு நான்கு என்றால் மூன்று நாளில் ஒரு சுற்று வந்துவிடும்.

மற்ற பத்துப் பேரின் கதை வேறு. அவர்களிடம் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லத் தகுந்த விஷயம் என்றால் பொங்கல், பசு, காந்தித் தாத்தா, என் பள்ளி என்று அவர்கள் பழகிவிட்டார்கள். பசு ஒரு வீட்டு விலங்கு, பசு பால் தரும், பசு புல் தின்னும். வீட்டில் தினமும் சாணி அள்ளுகிற பிள்ளையும் இதைத்தான் எழுதும். அந்தப் பசு முட்டியதையும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதையும் எழுதலாம் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை.

எனவே எழுதுவதற்கு முன் பேச்சு. காலையில் பத்து நிமிடம், வட்டமாக உட்கார்ந்து, நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் நடுவில் நடந்ததை ஒவ்வொருவரும் ஒரு சேதியாகச் சொல்லட்டும். முதல் வாரம் "சாப்பிட்டேன், தூங்கினேன்" என்றுதான் வரும். பொறுங்கள். யாராவது ஒருவர் பாம்பு வந்த கதையைச் சொன்னதும் வட்டம் திறந்துகொள்ளும். அதில் ஒரு சேதியை எடுத்து, நீங்கள் கரும்பலகையில் எழுதுங்கள், பிள்ளைகள் சொல்லச் சொல்ல. சத்துணவுக் கூடத்தில் குரங்கு புகுந்தது என்று வைத்துக்கொள்வோம். "எப்படித் தொடங்கலாம்?" என்று கேளுங்கள். ஒருத்தி "ஒரு ஊரில்" என்பாள், இன்னொருவன் "டமால்னு சத்தம்" என்பான். எழுதுங்கள், அடியுங்கள், மாற்றுங்கள். "இல்லை, குரங்கை முதலிலேயே சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடும்" என்று வாய்விட்டு யோசியுங்கள். பெரியவர் ஒருவர் எழுதும்போது தடுமாறுவதை அந்தப் பிள்ளைகள் வாழ்நாளில் அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்த எழுத்தெல்லாம் அச்சில் முடிந்து வந்த எழுத்து.

முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பதினொரு நோட்டிலும் அதே குரங்கு.

அதன் பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தன் சேதியை ஒரு முறை சொல்லிவிட்டு எழுதட்டும். இருபது நிமிடம், வாரத்தில் மூன்று நாள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒரு மணி நேரம் ஒதுக்குவதைவிட இது மேல், ஏனென்றால் நாளை மறுநாளும் எழுத வேண்டும் என்று தெரிந்த பிள்ளை நடுவில் நடப்பதை எழுதுகிற கண்ணோடு பார்க்கத் தொடங்கும். வரையத் தெரிந்தவர் வரைந்துவிட்டு எழுதலாம். ரப்பரை மட்டும் அந்த இருபது நிமிடத்துக்கு வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். நான் சொல்வதிலேயே மிகச் சின்ன விஷயம் இது, பலன் பெரியது. நம் பிள்ளைகள் பாதி நேரம் எழுதுவதே இல்லை, தாள் ஓட்டையாகும் வரை அழித்துக்கொண்டிருக்கிறார்கள். பிழை என்று தோன்றினால் ஒரு கோடு கிழித்துவிட்டு மேலே எழுது என்று சொல்லுங்கள். அடித்த சொல்லும் தெரியட்டும். உங்களுக்குத்தான் அது உபயோகம், பிள்ளை எங்கே யோசித்தது என்று தெரியும்.

உங்களிடம் 1, 2ஆம் வகுப்பும் இருக்கின்றன என்பதை மறக்கவில்லை. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து நடத்திப் பழகியிருப்பீர்கள். இந்த இருபது நிமிடத்தில் அந்தப் பிரிவைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். அரும்பு நிலைப் பிள்ளை வரைந்துவிட்டு, படத்தைப் பற்றி உங்களிடம் சொல்லட்டும். அது சொன்ன சொற்களை அப்படியே நீங்கள் படத்துக்குக் கீழே எழுதிப் படித்துக் காட்டுங்கள். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை இதைத்தான் செய்தார். ஒவ்வொரு குழந்தையிடமும் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுப்பார். பாடநூல் சொற்களை மாதக்கணக்கில் மறந்துகொண்டே இருந்த குழந்தைகள், பேய், முத்தம் போன்ற சொற்களை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்கள். அச்சமும் அன்பும் ஒட்டிய சொல் மறக்காது. உங்கள் ஊரில் அது முனியாக இருக்கலாம். முனி என்று எழுதிக் கொடுத்தால் தப்பில்லை.

திட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. செயல்வழிக் கற்றல் காலத்து ஏணிப்படியும் அட்டைகளும் பார்த்துவிட்டேன், இப்போது பயிற்சி நூல்களையும் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் நல்லது உண்டு. ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்புவது எந்தக் காலத்திலும் எழுதுவதாகாது. பயிற்சி நூலை முடிக்காமல் விடச் சொல்லவில்லை. முடித்துவிட்டு எழுத நேரம் இருக்காது, அதனால் எழுதிவிட்டு முடியுங்கள்.

பேச்சு வழக்குக்கு வருவோம். இதில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சிக்கு 'நேத்து' என்பது கொச்சை. இரண்டாம் கட்சிக்கு 'நேற்று' என்பது பிள்ளையின் மேல் ஏவப்படும் வன்முறை. நான் இரண்டிலும் இல்லை. முதலில் எழுதும்போது வாயில் வருவதை எழுதட்டும். பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ் என்ற நிலையில் இருக்கும் நமக்கு இது தவிர்க்க முடியாத முதற்படி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்ல வந்ததையும் பிடித்துக்கொண்டு, எழுத்தையும் தேடிக்கொண்டு, மொழியையும் மாற்றிக்கொண்டே எழுத முடியாது. ஒன்று நழுவும், நழுவுவது எப்போதும் சொல்ல வந்ததுதான். ஆனால் அங்கேயே விட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் நட்டம். புத்தகத் தமிழ் வராத பிள்ளைக்குப் பரீட்சையும் மூடும், விண்ணப்பமும் மூடும். நகரத்துப் பிள்ளைக்கு வீட்டில் பத்திரிகை இருக்கும், இவனுக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

எனவே விளையாட்டாகச் செய்யுங்கள். "இது வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கிறது. புத்தகத்தில் போட்டால் எப்படி வரும்?" வாரம் ஒரு பிள்ளையின் எழுத்தை, அனுமதி கேட்டு, கரும்பலகையில் எழுதி எல்லோரும் சேர்ந்து மாற்றுங்கள். "அது நிற்கத் தெரியாமல் விழுந்தது." இப்போது இரண்டையும் படிக்கவிடுங்கள். ஆயா பேசினால் எதில் பேசுவார் என்று கேளுங்கள். ஆயா பேசும் இடம் மட்டும் மேற்கோள் குறிக்குள் வீட்டுத் தமிழிலேயே இருக்கட்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். 'தவறு' என்ற சொல் இந்த இடத்தில் வரவே கூடாது. அவன் எழுதியது அவன் ஆயாவின் மொழி. அதைத் தவறு என்றால் யாரைச் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியும்.

அலுவலரும் பெற்றோரும். இதற்கு நான் வைத்திருந்த ஏற்பாடு இரண்டு நோட்டு. ஒன்று பார்த்து எழுதுதலுக்கும் சொல்வதை எழுதுதலுக்கும். அதில் ஒரு பிழை விடாமல் திருத்தம் இருக்கும், தேதியும் கையெழுத்தும் இருக்கும், யார் கேட்டாலும் நீட்டலாம். இன்னொன்று கோடு போடாத நோட்டு, 'என் சொந்த எழுத்து' என்று அட்டையில் பெயர். அதன் முதல் பக்கத்தில் நான்கு வரி ஒட்டிவிடுங்கள்: இது பிள்ளை தானாக எழுதும் நோட்டு, இதில் ஒரு சமயத்தில் ஒரு வகைப் பிழை மட்டுமே கற்றுத் தரப்படும், கற்றுத் தந்தது கடைசிப் பக்கத்தில் தேதியுடன் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கடைசிப் பக்கம்தான் உங்கள் சாட்சி. ஜூனில் புள்ளி, ஜூலையில் ட்ட, ப்ப, ஆகஸ்டில் வாக்கிய முடிவில் முற்றுப்புள்ளி என்று இருந்தால், இந்த ஆசிரியை சும்மா விட்டுவிடவில்லை என்பது பார்ப்பவருக்குத் தெரியும். கற்றுத் தந்த பிறகும் அதே பிழை வந்தால் தாராளமாகக் கேளுங்கள், அதில் கருணை வேண்டாம். பெற்றோருக்கு ஜூன் மாதப் பக்கத்தையும் டிசம்பர் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத தாயிடம் பையனையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாய் பிழை கேட்கமாட்டார்.

எழுதியதற்குப் படிக்கிற ஆள் வேண்டும், ஆசிரியரைத் தவிர. வகுப்பில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தான் எழுதியதைப் படிக்கட்டும், கேட்பவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்கட்டும். காலை உணவு சமைக்கும் அக்காவுக்குச் சீட்டு எழுதலாம். என் வகுப்பில் ஒருத்தி "சாம்பார்ல கத்தரிக்கா போடாதீங்க" என்று மதிய உணவு சமைப்பவருக்கு எழுதினாள். அவர் வந்து, கத்தரிக்காய்தான் தோட்டத்தில் காய்த்திருக்கிறது, நான் என்ன செய்ய என்று வகுப்பு வாசலில் நின்று பதில் சொல்லிவிட்டுப் போனார். கத்தரிக்காய் நிற்கவில்லை. ஆனால் எழுதினால் ஒரு பெரிய ஆள் அடுப்பை விட்டு எழுந்து வந்து பதில் சொல்கிறார் என்பதை அன்று வகுப்பே பார்த்தது. அடுத்த வாரம் அவருக்கு ஏழு சீட்டுகள் போயின. எழுதிய தாள்களைச் சேர்த்து நடுவில் தைத்து, அட்டை போட்டு, அந்த நுழை, நட நூல்களோடு சேர்த்துத் தொங்கவிடுங்கள். அதிகம் கசங்குவது எது என்று மாதக் கடைசியில் பாருங்கள். அடுத்த ஆண்டு இவர்கள் நான்காம் வகுப்புக்குப் போகும்போது பள்ளிக் கல்வித் துறையின் 'ஊஞ்சல்' இதழ் கைக்கு வரும். அதில் மற்றப் பிள்ளைகள் எழுதியதைப் படிக்கும்போது நாமும் எழுதுகிறவர்கள்தானே என்ற நினைப்பு இருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் உண்மையாக எழுதத் தொடங்கினால் குரங்கும் ஆடும் மட்டும் வராது. அப்பா குடித்துவிட்டு வந்ததும் வரும், அம்மா அழுததும் வரும். எந்த எழுத்தையும் பிள்ளையைக் கேட்காமல் உரக்கப் படிக்காதீர்கள். அப்படி ஒரு பக்கம் வந்தால் பிழை திருத்தாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், 1098 என்ற சிறுவர் உதவி எண்ணும் இருக்கிறது.

உங்களுக்கு எழுத வராது என்கிறீர்கள். உங்கள் கடிதம் என் கையில் இருக்கிறது. பென்சிலைக் கடித்துக்கொண்டு முகத்தைப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யார் மனப்பாடம் செய்து கொடுத்தார்கள்? அந்த இருபது நிமிடத்தில் பிள்ளைகளோடு நீங்களும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் மட்டும். வகுப்பில் சுற்றாதீர்கள், எட்டிப் பார்க்காதீர்கள், உங்கள் சேதியை எழுதுங்கள். டீச்சரே எழுதும்போது "என்ன எழுத டீச்சர்?" என்று கேட்க வந்த பிள்ளை பாதி வழியில் திரும்பிப் போவதைப் பார்ப்பீர்கள். நாற்காலியில் நீங்களும் ஒரு நாள் உட்கார்ந்து படியுங்கள். அவர்களும் கேள்வி கேட்கட்டும்.

அந்தப் பையனுக்கு உங்கள் பள்ளி முகவரிக்குத் தனியே ஓர் அஞ்சலட்டை போட்டிருக்கிறேன். பதில் எழுத இன்னொரு அட்டையை என் முகவரி எழுதி அதோடு அனுப்பியிருக்கிறேன். என் கேள்வி அவனுக்குத் தெரியும். நீங்கள் திருத்தாமல் அப்படியே தபாலில் போடுங்கள்.